பால்குடத்துக்கு ஒரு மாத்திரை

ஜூலை 19, சனி

ஆடி பிறந்து மூணு நாள்தான் ஆகிறது. நான் வேலை பார்க்கிற மருந்துக் கடையில் சளி மருந்தைவிட ‘அந்த மாத்திரை’தான் அதிகம் போகிறது. பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆம்பளைங்க நகரும்வரை ஓரமாக நிற்பார்கள், அப்புறம் கண்ணாலேயே கேட்பார்கள். நானும் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுவேன். தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் காப்பு கட்டுகிற மாதம், யாருக்கும் நடுவில் ‘தூரம்’ வந்துவிடக் கூடாது; மாதவிலக்கைத் தள்ளிப்போடத்தான் அந்த மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதுதான். கேட்டால், “இன்னா கிரேஸு, நீயே பாதி டாக்டரு, உனுக்கு எதுக்கு சீட்டு?” என்பார்கள். அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

மத்தியானம் செல்லியம்மாள் தன் மருமகள் அனுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கிறார்கள். அனுவும் அவள் வீட்டுக்காரர் வசந்தும் கூலிக்குப் பட்டு நெய்கிறார்கள்.

“இருபத்தி மூணு இவளுக்கு நாளும்மா. இருபத்தஞ்சு காப்பு. பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கி பால்குடம் தூக்கறா, கொழந்தைக்கு வேண்டிக்கினு. நடுவுல வந்துடக் கூடாது.”

கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருக்கிறதா? அஞ்சு வருஷமாக ஏங்குகிறவளிடம், மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. பதினைந்து நாளைக்குக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 20, ஞாயிறு

குழாயடியில் அனு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலை 30, புதன்

அனு தனியாக வந்தாள். காலையில் குமட்டுகிறதாம், மார்பு கனக்கிறதாம். மாத்திரை அப்படித்தான் செய்யும் என்றேன். அட்டைப்பெட்டிக்குள் இருக்கிற தாளிலும் அதுதான் போட்டிருக்கிறது. “அப்ப சரிக்கா” என்று சிரித்துக்கொண்டே போனாள். மஞ்சள் புடவை, கையில் காப்பு. விரதம் என்று ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள்போல, முகம் வெளிறிக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து திரும்பும்போது பால்குட ஊர்வலம் குறுக்கே வந்தது. ஓரமாக நின்றேன். அனுவின் தலையில் குடம், உதடு அசைந்துகொண்டே இருந்தது. செல்லியம்மாள் முன்னால் நடந்து அவள் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். எனக்கு அந்த வேண்டுதலில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும், கர்த்தரே இவளுக்கு ஒன்றைக் கொடும் என்று நானும் சொன்னேன்.

இன்று ராத்திரியோடு மாத்திரை நிறுத்தம்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்னும் வரவில்லையாம். வரும் என்றேன்.

வரணும். சினைப்பையிலிருந்து முட்டை வெளியானதும் அங்கே ஒரு ஹார்மோன் சுரந்து கருப்பையின் உள்சுவரைத் தாங்கிப் பிடிக்கும். கரு தங்கவில்லை என்றால் சுரப்பு நிற்கும், சுவர் உதிரும். அதுதான் மாதவிலக்கு. நாங்கள் கொடுக்கிற மாத்திரை அந்த ஹார்மோனின் நகல்தான். நிறுத்தினால் ரெண்டு மூணு நாளில் உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் உள்ளே வேறு எதுவோ அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கர்ப்பம் பார்க்கிற அட்டையைக் கையில் எடுத்தேன், மறுபடி வைத்துவிட்டேன். முன்பெல்லாம் மாதாமாதம் வாங்கிப் போவாள், மறுநாள் கண் வீங்கி வருவாள். மறுபடியும் ஆசை காட்ட வேண்டாம். ரெண்டு நாள் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வந்துவிட்டது! அப்பாடா. கொஞ்சம்தான், பழுப்பாக இருக்கிறது என்றாள். மாத்திரை போட்ட மாதம் அப்படி இப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் முகம் தொங்கிப்போனது. அவளும் உள்ளுக்குள் வேறு நினைத்திருப்பாள்போல.

ஆகஸ்ட் 11, திங்கள்

வசந்த் வந்து வயிற்றுவலி மாத்திரை கேட்டார். “வலது பக்கமாவே இழுத்துக்கினு இருக்குதாம் அக்கா. உதிரம் நிக்கவும் இல்ல, ஜாஸ்தியாவும் இல்ல.” கொடுத்தேன்.

எனக்கு ஏன் அந்தச் சீட்டு ஞாபகம் வருகிறது? மூணு வருஷம் முன்னால் ஒரு டாக்டரம்மா அனுவுக்கு எழுதிக் கொடுத்தது. கருக்குழாயில் அடைப்பு இருக்கலாம், மருந்து செலுத்திப் படம் எடுக்கவும் என்று இருந்தது. செல்லியம்மாள் என்னிடம்தான் படிக்கச் சொன்னார். படம் எடுக்கப் போகவில்லை.

நாளைக்கு அனுவைப் பார்க்கணும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போகவில்லை. சரக்கு வந்தது, இறக்கி அடுக்கவே பொழுது சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

செல்லியம்மாள் தைலம் வாங்கிப் போனார். அனுவுக்குத் தோள் வலியாம், அதுவும் நுனியில். நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து கயிற்றை இழுக்கிறவளுக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும் என்றேன். “அது இன்னாமோ, தறியில உக்காந்தா தேவலயாம், படுத்தாதான் உசுரு போவுதாம்” என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிவிட்டார்.

சாயங்காலம் முழுக்க மனசு சரியில்லை. எதுவோ இடிக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே உறைத்தது. படுத்தால் வலி. தறி வலியாக இருந்தால் படுத்தால் குறையத்தானே வேண்டும்?

படிக்கிற காலத்தில் ரெக்கார்டு நோட்டில் வரைந்த படம் அப்படியே கண்ணில் வந்தது. ஆட்டுத் தலை மாதிரி கருப்பை, ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி குழாய். முட்டையும் விந்துவும் அந்தக் குழாயில்தான் சேரும். சேர்ந்த கரு அஞ்சாறு நாள் மெதுவாக நகர்ந்து கருப்பைக்கு வரணும். வழியில் ஒரு இடம் நூல் நுழைகிற அளவுதான். வழி கெட்டுப்போயிருந்தால் கரு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கருப்பை மாதிரி குழாய்க்கு விரியத் தெரியாது. கிழிந்துவிடும். ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும், படுத்தால் நெஞ்சுக்குக் கீழே இருக்கிற உதரவிதானம் வரைக்கும் ஏறும், அங்கே இருக்கிற நரம்பு தோளில் வலியைக் காட்டும்.

குமட்டல். மார்புக் கனம். பழுப்பு உதிரம். வலது பக்க வலி. எல்லாம் என்கிட்ட வந்துதான் சொன்னா. ஒண்ணொண்ணா வந்து சொன்னா. நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?

ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். அனு தறிக் குழிக்குள் கால் விட்டபடி, நெய்த சேலை மேல் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று செல்லியம்மாள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார். தொட்டேன். சில்லென்று இருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. நாடி எண்ண முடியாத அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் வசந்த் மடியில் அவள் தலை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் கத்தினேன், “குழாய்ல கர்ப்பம், வெடிச்சிருக்கும், மொதல்ல ரத்தம் பாருங்க!” வசந்த் திரும்பி என்னைப் பார்த்தார். கர்ப்பம் என்ற வார்த்தையை அவர் அப்போதுதான் கேட்கிறார்.

மத்தியானம் ரெண்டு மணி. உள்ளே போய் மூணு மணி நேரம் ஆகிறது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். பிழைச்சா போதும். பிழைச்சா மட்டும் போதும்.

ஆகஸ்ட் 16, சனி

பிழைத்துவிட்டாள். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வலது குழாயை எடுத்தாயிற்று. இடது குழாயும் ஒட்டிக் கிடக்கிறதாம், தானாகத் தரிப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வராந்தாவில் செல்லியம்மாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். “தீட்டோட குடம் தூக்கிக்கீறா. சொல்லாம மறைச்சிட்டா. ஆத்தா சும்மா வுடுவாளா?” நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

முதலாளி ஆதிகேசவன் கூப்பிட்டுச் சொன்னார். “வாய மூடிக்கினு இரும்மா. சீட்டு இல்லாம குடுத்தது வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும், உனுக்கும் சேர்த்துத்தான்.” குழாயில் கரு தங்கியது மாத்திரையால் அல்ல, அது நிஜம். ஏற்கெனவே தங்கிய கருவை அது மறைத்தது. மீதியை மறைத்தது நான்.

செப்டம்பர் 5, வெள்ளி

அனுவை அவள் அம்மா வீட்டுக்கு வாலாஜாபாத்துக்கு அனுப்பப்போகிறார்களாம். உடம்பு தேறட்டும் என்று பேச்சு. திரும்பக் கூப்பிடுவதாக யாரும் சொல்லவில்லை என்று வசந்த் தரையைப் பார்த்தபடி சொன்னார். சாமிக் குத்தம் பண்ணினவளை வீட்டில் வைத்துக்கொள்ள அவருடைய அம்மாவுக்குப் பயம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூணு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அனு எதையும் மறைக்கவில்லை, குடம் தூக்கிய அன்று உதிரமே இல்லை, நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் மாத்திரை கொடுத்தேன், கையில் எடுத்த அட்டையைத் திரும்ப வைத்தேன், வலி என்று வந்தபோது தைலம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒரு வாரம் முன்ன தெரிஞ்சிருந்தா?” என்று வசந்த் கேட்டார்.

“கொழந்த பொழைச்சிருக்காது. குழாய மருந்துலயே காப்பாத்தியிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது.”

செல்லியம்மாள் எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. என்னை அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அனு மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, குடம் தூக்கினு போனப்பவே இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எத்தினி நாளு?”

“கரு உருவாகி மூணு வாரத்துக்கு மேல.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். “அப்ப நாங்க ரெண்டு பேராதான் போயிருக்கோம்” என்றாள். ஆமாம் என்றேன்.

கட்டி வைத்திருந்த பையை அவள் தொடவில்லை. வசந்த்தான் எழுந்து போய் அதைப் பிரித்து, புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டார்.