மயில்கழுத்து நிறம்

செவ்வாய்க்கிழமை. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, போன் எழுதிக்கொள்கிறது.

எங்கள் ஏரி உடைந்த வருடம்தான் வாழப்பாடி பேனாக்கடைக்காரனின் அப்பனுக்குக் கல்யாணம். பெண் மயில்கழுத்து நிறத்தில் சேலை கட்டியிருந்தாள். மகள் எனக்கு வாங்கித் தந்த வண்ணம் தீட்டும் புத்தகத்திலும் ஒரு கல்யாணப்பெண் இருக்கிறாள். அதே நிறம் வேண்டுமென்று இன்று அவன் கடையில் ஜெல் பேனாக்களை ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்தேன்.

"கைநாட்டு ஆளுக்கு எதுக்குங்க பேனா? மை டப்பா தரட்டுங்களா?" என்றான். கடையே சிரித்தது.

"உங்கம்மா கல்யாணச் சேலை என்ன நிறம்டா? சொல்லு பாக்கலாம்!"

கல்லாவைத் திறந்து சில்லறை எண்ண ஆரம்பித்தான், நாய்.

எட்டாவது பேனாவில் நிறம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் அழுத்தித் தீட்டி, படத்துப் பெண்ணின் முந்தானையில் கோடு தாண்டிவிட்டேன். இருக்கட்டும். முடித்ததும் அவன் அம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டுவேன். அந்தச் சேலையைப் பார்த்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான், நல்லம்மாள்.