கல் இருப்பதாகச் சொன்ன இடம்

அண்ணை,

இன்று காலை ஒழுங்கை முடிவில் உள்ள வீட்டில், குண்டு விழும்போது பதுங்கப் பங்கர் வெட்டத் தொடங்கினார்கள். ஈரச் செம்மண்ணின் வாசம் எங்கள் விறாந்தை வரை வந்தது. பள்ளிக்கூடம் போக எடுத்த சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்து வளவுக் கந்தையா தன் கதியால் தடிகளை எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி நடுவார். நான் கோபத்தில் உங்களிடம் வந்து குதிப்பேன்.

“உப்பிடி விட்டுக்கொண்டிருந்தால் கடைசியிலை நாங்கள் கிணத்துக்கைதான் குடியிருக்க வேணும்.”

“நல்லதுதானே தம்பி, தண்ணிக்கு அலையத் தேவையில்லை.”

உங்களுக்குப் பயம் இருந்ததில்லை. நெல்மூட்டையை ஒற்றைத் தோளில் சுமந்த உடம்பு. சாந்தமுள்ளவர்களுக்குப் பூமி கிடைக்கும் என்று வேதக் கோயிலில் எல்லோரும்தான் கேட்டோம். நம்பியவர் நீங்கள் ஒருவர். “கோவம் எனக்கும் வரும். கட்டி வைச்சிருக்கிறன். அவிட்டு விட்டால் ஆரைக் குத்துமெண்டு தெரியாது” என்றீர்கள் ஒருமுறை. படித்தவனாகிய நான் அதை ஏமாளித்தனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

குண்டு போடும் பொம்மர் விமானங்கள் வரத் தொடங்கியதும் நாங்களும் பங்கர் வெட்டினோம். மேலே அடுக்கப் பனங்குற்றி தேடிப் புறப்பட்ட நீங்கள் படலையடியில் நின்று சொன்னீர்கள்: “தம்பி, கிழக்காலை இன்னும் நாலடி நீட்டு. கந்தையாவின்ரை வளவு முழுக்கக் கல்லு, அதுகள் வெட்டேலாது. குண்டு விழேக்கை அதுகளும் இஞ்சைதான் ஓடிவருங்கள்.”

“வரட்டும். வேலியையும் தூக்கிக்கொண்டு வரட்டும்.”

நீங்கள் போனபின் வெட்டினேன். மண் மாப்போல விட்டுக்கொடுத்தது. ஒரு சாண், ஒரு சாணாக அவர் எடுத்த நிலமெல்லாம் நினைவுக்கு வந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டேன். நீங்கள் திரும்பி வந்ததும் சொன்னேன்: “இஞ்சாலையும் கல்லு, அண்ணை. அலவாங்கு இறங்குதில்லை.”

அந்த முனையைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். “சரி, நெருங்கி இருப்பம்.” பிறகு வேலிக்கு மேலால் கந்தையாவிடம் நீங்களே சொன்னீர்கள்: “எங்கடையும் கல்லாப் போச்சு, சின்னன்தான். எண்டாலும் வாங்கோ.” நம்பித்தான் சொன்னீர்களா, என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டீர்களா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொம்மர் எங்கள் பக்கம் வந்தது ஒரு முற்பகல். என் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான், நீங்கள். ஐந்து பேரோடு பங்கர் நிறைந்துவிட்டது. கந்தையா மனைவியையும் மகள்மாரையும் இழுத்துக்கொண்டு வேலிப் பொட்டின் இடைவெளியால் வந்தார். நீங்கள் உடனே மேலே ஏறினீர்கள்.

“இறங்கு பிள்ளை, தலை கவனம்.”

“நீங்கள் இருங்கோ, நான் வெளியிலை நிக்கிறன்” என்றார் கந்தையா.

“கதையாதை, இறங்கு. நான் கிணத்துக்கட்டோடை படுக்கிறன்.”

நான் கிழக்கு முனையில், அந்த மண்ணில் முதுகை அழுத்தியபடி இருந்தேன். எழுந்திருக்கவில்லை. குண்டு இரண்டு வளவு தள்ளித்தான் விழுந்தது. ஒரேயொரு துண்டு கிணற்றடிக்கு வந்தது.

உங்களை அடக்கம் செய்த அன்று போதகர் சாந்தத்தைப் பற்றிப் பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பொம்மரில் வந்தவன்மேல், கந்தையாமேல், போதகர்மேல், எழுந்து போன உங்கள்மேல் எனக்குக் கோபம். அந்த வரிசையில் ஒருவனை மட்டும் சேர்க்காமல் ஒரு மாதம் சமாளித்தேன். அதன் பிறகு அந்த நாலடியையும் வெட்டினேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு கல்கூட இல்லை.

அடுத்தமுறை பொம்மர் வந்தபோது கந்தையா அந்தப் புது இடத்தில்தான் உட்கார்ந்தார். சுவரில் கையை வைத்தார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். கல்லு எங்கே என்று கேட்கட்டும் எனக் காத்திருந்தேன். வேலியைச் சொல்லி மடக்க எனக்குப் பதில் இருந்தது. அவர் சின்ன மகளை மடியில் ஏற்றிக்கொண்டு என் மனைவியிடம் சொன்னார்: “தங்கச்சி, இஞ்சாலை தள்ளி இருங்கோ, இடம் கிடக்கு.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஒழுங்கையில் கண்டால் “வாத்தியார், சுகமே?” என்கிறார். “ஓம்” என்கிறேன்.

உங்களிடம் இருந்தது இப்போது அந்த மனுசனிடம் இருக்கிறது, அண்ணை. என்னிடம் இருப்பது அந்தப் பதில் மட்டுந்தான். அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தும் தினமும் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.