விட்ட பிறகும் விடாத சிகரெட்

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம், என் முதுகு மட்டும் அதில் சேராது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று திருத்துவாள்.

ஆபரேஷன் தள்ளிப்போனது டாக்டர் ஊரில் இல்லாததால் அல்ல, அப்படிச் சொல்லச் சொன்னது அம்மா. சிகரெட் பிடிப்பவருக்கு முதுகெலும்பு சரியாக ஒட்டாதாம், அதனால் முதலில் சிறுநீரைச் சோதித்தார்கள். விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது, தைரியமாகக் கொடுத்தேன். நிகோடின் இருக்கிறது என்று வந்துவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "விட்டா மூணு வாரத்துல போயிடும் சார், ரெண்டு மாசமெல்லாம் தங்காது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து சிகரெட் விஷயத்தில் நான் உண்மை பேசியது அந்த ஒரு தடவைதான். அம்மா வீட்டுக்கு வந்து என் சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள், பிறகு லேத் பட்டறைக்கே போய்விட்டாள். அங்கே என் கூட்டாளி மொட்டை, "சத்தியமா அண்ணன் தொடவே இல்ல அண்ணி" என்றிருக்கிறார். இத்தனை வருஷமாக எனக்காக இதே சத்தியத்தை இதே குரலில் செய்தவர் அவர், அதோடு அம்மாவுக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. அன்று முதல் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. லேத் முன்னால் நிற்கவும் முடியாமல் வீட்டில் உட்காரவும் முடியாமல் எனக்கு ஒருநாள் அழுகையே வந்துவிட்டது, நீ அனுப்பிய சூயிங்கத்தைப் போட்டு அடக்கிக்கொண்டேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் என் வாயையே பார்த்து, "என்ன சார் மெல்றீங்க?" என்று கேட்டார். சூயிங்கம் அட்டையைக் கொடுத்தேன். திருப்பிப் படித்துவிட்டு, "இதுலயே நிகோடின் இருக்கே சார், சிகரெட்டை விடறவங்களுக்குக் கொடுக்கறது இது, மென்னாலும் டெஸ்ட்ல காட்டும்" என்றார். நான் அதை ஏதோ புதினா மிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சூயிங்கத்தையும் விட்டேன். நிகோடின் இரண்டு மூன்று நாளில் போய்விடுமாம், உடம்பு அதை மாற்றிவைக்கும் கோட்டினின் என்கிற மிச்சம்தான் சிறுநீரில் மூன்று வாரம் வரைகூடக் கிடக்குமாம். அந்த மூன்று வாரமும் நான் எரிந்து விழுந்ததையெல்லாம் அம்மா வாங்கிக்கொண்டாள், "வாய் சும்மா இருக்க வேணாம்" என்று ஆரஞ்சு சுளையை உரித்து உரித்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நேற்று சோதனை சுத்தமாக வந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன்.

நீ பதற வேண்டாம், ஓடி வரவும் வேண்டாம், சொன்னபடி அடுத்த மாதம் வந்தால் போதும். ஒன்று மட்டும் சொல்கிறேன். போனில் பேசும்போது நடுவில் மூச்சை இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, வெளியே ஊதிவிட்டுப் பேசுகிறாய். அந்த மூச்சு எனக்கு நன்றாகத் தெரிந்த மூச்சு. அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் நிகோடினை வீட்டிலேயே சோதிக்கும் பட்டைகளை மருந்துக்கடையில் விற்கிறார்கள், அம்மா ஒரு டப்பா வாங்கியிருக்கிறாள், அதில் எனக்குச் செலவானது ஒன்றுதான். மூச்சுக்குக் குறைவில்லாமல் நெடுநாள் நன்றாக இரு. இன்றைக்கே விட்டுவிடு, மூன்று வாரக் கணக்குச் சரியாக வரும்.

உன் அப்பா