பெருக்கல் குறி போட்ட இடம்

வக்கீலம்மா, நேற்று உங்கள் குமாஸ்தா வீட்டுக்கு வந்திருந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். என் வழக்கைப் புது வக்கீலுக்கு மாற்றிக் கொடுக்கிற வக்காலத்துத் தாள். அதன் அடியில், நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. நீங்கள் இருந்தவரை உங்கள் அறையிலிருந்து வந்த எந்தத் தாளிலும் அந்தக் குறி இருந்ததில்லை.

பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் உங்கள் அறை. முதல் தடவை மருமகள் தேவியைக் கூட்டிக்கொண்டு ஏறி வந்தேன். என் மகன் முரளியை வேலப்பன்சாவடி ஹைவேயில் லாரி அடித்துப் போட்டு அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. நீங்கள் சொம்பை என் பக்கம் தள்ளினீர்கள்.

"பாலிசி விக்கும்போது அவன் நம்ம வீட்டுப் படி ஏறி வருவான். குடுக்கணும்னு வந்தா நம்மளைப் படி ஏற வைப்பான். தண்ணி குடிங்கம்மா, அப்புறம் பேசலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முரளி போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

விபத்துக்கு என்று ஒரு பாலிசியை முரளி கல்யாணத்துக்கு முன்பே எடுத்திருந்தான். தனக்கு ஒன்று ஆனால் பணம் அம்மாவுக்கு என்று என் பெயரைப் போட்டிருந்தான். பிறகு தேவி பெயருக்கு மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்றே காலம் போயிற்று. அவன் போன பிறகு கம்பெனியில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். கேட்டார்கள், கொடுத்தோம். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கேட்டார்கள், கொடுத்தோம். மறுபடியும் முதலில் கொடுத்த எஃப்.ஐ.ஆரையே கேட்டார்கள். இப்படி ஒன்றரை வருஷம். அப்புறம் ஒரு நாள் கம்பெனி ஆள் ஒருவன் வீட்டுக்கே வந்தான். நல்ல மாதிரியாகத்தான் பேசினான். "இது முதல்ல வர்றதும்மா. மீதி பின்னாடியே வரும். இங்க, இங்க, இங்க." மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தான். மூன்றிலும் போட்டேன். வரவேண்டியதில் கால் பங்கு வந்தது. மீதியைக் கேட்டால், "அதான் கையெழுத்து போட்டுட்டீங்களே" என்று போனை வைத்தார்கள்.

அந்தத் தாளின் நகலை நீங்கள்தான் எங்களுக்குப் படித்துத் தமிழில் சொன்னீர்கள். இந்தத் தொகையே முழுத் தொகை, இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, படித்துப் புரிந்துகொண்டு மனப்பூர்வமாகக் கையெழுத்திடுகிறேன் என்று இருந்தது. தேவி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த உங்கள் கறுப்பு அங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் மட்டும் அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டீர்கள். "இங்கிலீஷ்ல போட்டிருக்கீங்களே. யார் சொல்லிக் குடுத்தாங்க?"

முரளிதான் என்றேன். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. என்பார்கள். நான் அஞ்சாம் வகுப்பு என்று யாரிடமும் சொன்னதில்லை, கேட்டால் பத்தாவது என்பேன். ரேங்க் கார்டில் அம்மா இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டால் கெத்தாக இருக்கும் என்று முரளி ஒரு லீவு முழுக்க என் கையைப் பிடித்து எழுத வைத்தான். கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுப்பது அவன் யோசனை. நான் சொல்லி முடித்ததும் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள். அந்த வால்தான் அவன் பணத்துக்கே எதிராக நிற்கப்போகிறது என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

உங்கள் வேலை முறையே தனி. குமாஸ்தா பழக்கதோஷத்தில் பெருக்கல் குறி போட்டு வைத்தால், மேஜை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து அழிப்பீர்கள். "குறி இருந்தா கண்ணு நேரா அங்க போயிடும். நடுவுல இருக்கறத யாரும் பாக்க மாட்டாங்க." பிறகு முழுத் தாளையும் தமிழில் சொல்வீர்கள். புரிந்ததா என்று கேட்கவே மாட்டீர்கள். "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்பீர்கள். நான் திருப்பிச் சொல்லி முடித்த பிறகுதான் பேனா என் கைக்கு வரும். கம்பெனிக்குப் போன் பண்ணினோம் என்றால் உங்களுக்குக் கோபம் வரும். "போன்ல சொன்னது காத்தோட போச்சு. காரணத்தை எழுத்துல கேளுங்க." கம்பெனியின் குறை கேட்கும் பிரிவுக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டோம். அது போய்ச் சேர்ந்ததற்குத் திரும்பி வந்த அட்டையைக்கூட ஃபைலில் தைத்து வைத்தீர்கள். அதற்கும் சரியான பதில் இல்லாததால் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டீர்கள்.

"ஒரே ஒரு வரிதாம்மா நம்ம கேஸு" என்றீர்கள். "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, யாரும் எனக்குப் படிச்சுச் சொல்லல, மீதி வரும்னு சொன்னதை நம்பிப் போட்டேன். இது நின்னா கேஸ் நிக்கும்."

"அத்த எழுதித்தான் ஆவணுமா?" என்று கேட்டேன்.

"கைநாட்டு வச்சிருந்தீங்கன்னா, யாரு படிச்சுக் காட்டினாங்கன்னு அவங்களைக் கேக்கலாம். இங்கிலீஷ்ல போட்டுட்டீங்க. இப்ப நாமதான் சொல்லியாகணும்."

எழுதினீர்கள். தமிழில் சொன்னீர்கள். திருப்பிச் சொல்லச் சொன்னபோது அந்த வரியை மட்டும் நான் வாய்க்குள் முணுமுணுத்தேன். நீங்கள் போகட்டும் என்று விட்டுவிட்டீர்கள்.

விசாரணை நாளன்று காலையில் திருவள்ளூர் வண்டியில் போனோம். பேத்தி பவித்ராவும் கூட வந்தாள். நர்ஸிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். முரளி பணம் வந்தால்தான் அடுத்த வருஷம். அவள் ஸ்கூல் படித்த காலத்தில் தேவி வேலைக்குப் போய்விடுவாள், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இங்கிலீஷ் நோட்டைப் பார்த்துத் தலையாட்டுவேன். ஆயாவுக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்றத்தில் மேலே உட்கார்ந்திருந்தவர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, தயவாகத்தான் கேட்டார். "இது உங்க கையெழுத்துதானேம்மா? இங்கிலீஷ் படிப்பீங்களா?"

அந்த வரி என் நாக்கு நுனியில்தான் இருந்தது. எதிர்க்கட்சி வக்கீல் தன் பக்கத்து ஆளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பின்வரிசையில் பவித்ரா.

"ஏன், தெரியாம இன்னா? எல்லாம் படிப்பேன்" என்றேன்.

நீங்கள் எழுந்து என்னென்னவோ சொன்னீர்கள். அதற்குள் மேலே இருந்தவர் நான் சொன்னதை எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் உங்கள் எதிரே உட்கார்ந்தேன். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க முணுமுணுத்தப்பவே நான் நிறுத்திக் கேட்டிருக்கணும்மா. தப்பு என்னுதுதான்" என்றீர்கள். என் தப்பையும் தூக்கி உங்கள் ஃபைலில் வைத்துக் கட்டிக்கொண்டீர்கள்.

தீர்ப்பு எதிராக வந்தது. தேவி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உங்களுக்கு இன்னா கொறஞ்சி பூடும் அத்தே?" அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பவித்ரா படிப்பை நிறுத்தினாள். இப்போது அம்மாவும் மகளும் ஒரே கம்பெனி பஸ்ஸில் அம்பத்தூருக்குப் போகிறார்கள்.

நீங்கள் விடவில்லை. கெடு முடிவதற்குள் மேல்முறையீடு போட்டீர்கள். அதற்கு எண் விழுந்த மாதம்தான் காய்ச்சல் என்று படுத்தீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உங்களைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, வக்கீலம்மா. "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று நீங்கள் கேட்பது போலவே இருந்தது. அத்தனை கூட்டத்துக்கு நடுவே அந்த வரியைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். யாரோ கையைப் பிடித்து நகர்த்திவிட்டார்கள்.

நேற்றைக்கு வருகிறேன். குமாஸ்தா பேனாவை நீட்டினார்.

"ஒரு கையெழுத்து போட்டுடு ஆயா, நான் லோக்கல் வண்டிய புடிக்கணும்."

"படிச்சிச் சொல்லு."

"வக்காலத்துல இன்னாத்த படிக்கிறது? உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. கோர்ட்டாண்டயே சொன்னியே."

பவித்ரா வேலைக்குக் கிளம்பிக் கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"தெரியாதுய்யா. அஞ்சாவதோட நின்னுட்டேன். அன்னிக்கு சொன்னது பொய்யி."

பவித்ரா திரும்பவில்லை. ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்தபடியே சொன்னாள். "தெரியும் ஆயா. மூணாங்கிளாஸ்லயே தெரியும். ஒரு நாளு நோட்ட தலகீழா குடுத்தேன். சூப்பரா எழுதிக்கீறன்னு சொன்ன."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். யாரிடமிருந்து மறைப்பதற்காக அவளுடைய படிப்பைக் கொடுத்தேனோ, அவளுக்கு அது எட்டு வயதிலேயே தெரிந்திருக்கிறது.

குமாஸ்தா சலித்துக்கொண்டே முழுவதையும் வாசித்துத் தமிழில் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். பிறகு ரப்பர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். உங்களுடையதுதான், ஒரு மூலை தேய்ந்து சரிந்தது. பெருக்கல் குறியை அழித்துவிட்டு, முரளி சொல்லிக்கொடுத்த கையெழுத்தைப் போட்டேன். கடைசியில் வாலையும் இழுத்தேன்.

"மேல்கோர்ட்டுல என்னைக் கேட்டா, இந்தத் தபா சரியா சொல்லிடுவேன்" என்றேன்.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "அங்க உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க ஆயா. அன்னிக்கு நீ சொன்னது பேப்பர்ல ஏறிப்போச்சி. அத்தத்தான் படிப்பாங்க."

ரப்பரைத் திருப்பிக் கேட்காமலே போய்விட்டார். என்னிடம்தான் இருக்கிறது. அந்த வரியும் இருக்கிறது, வக்கீலம்மா. முணுமுணுக்காமல், முழுசாக, யார் முன்னாலும் சொல்லுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை.