வீட்டில் எத்தினை பேர்

இஞ்சாரும்,

உம்மட அண்ணை வீட்டில சுகமா இருப்பீர் எண்டு நினைக்கிறன்.

நேற்று வாழ்வாதார உதவிக்கு வீட்டு விபரம் எடுக்கவெண்டு கஜானி எண்ட பிள்ளை வள்ளத்தில எழுவைதீவுக்கு வந்தவ.

"ஆடு மாடு இருக்கோ ஐயா?" எண்டு கேட்டா.

"மனிசி மூண்டு ஆடு வளர்த்தவ. அவவைக் கேளாமல் நான் வித்துப்போட்டன்" எண்டன்.

பிள்ளை 'இல்லை' எண்டு மட்டும் எழுதினா.

"வீட்டில எத்தினை பேர்?"

"ரெண்டு பேர்" எண்டன்.

அடுப்பு எரியாத குசினியை எட்டிப் பாத்திட்டு, நீர் எப்ப போனனீர் எண்டு கேட்டா. ஆடு வித்த கையோட எண்டு திகதியையும் சொன்னன்.

"ஆறு மாதத்துக்கு மேல வெளியில இருக்கிறவையைச் சேர்க்க ஏலாது, ஐயா. அதுக்கு இன்னும் ஐஞ்சு நாள் கிடக்கு" எண்டு சொல்லி உம்மட பெயரையும் எழுதினா.



இதை வள்ளக்காரரிட்டைக் குடுத்துவிடுறன். வாற செவ்வாய் விபரம் சரிபாக்கப் பிள்ளை திருப்பி வாறா. பெயரை விடுறதோ வெட்டுறதோ, நீரே வந்து அவவிட்டைச் சொல்லும்.

உம்மட மனிசன்