ரயில் மாறும் ஊர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நான் கேட்காமல் விட்டது: அண்ணன் இருந்த ஊரில் எத்தனை நாள்?

காலையில் அப்பா சொட்டுகிற குழாயைத் திருகிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "ஐரோப்பாவுக்கு ஒரு தடவை போயிட்டு வரலாமா?" என்றார்.

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ஆசைன்னா போலாம்."

"எனக்கென்ன ஆசை. உனக்காகத்தான்."

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. ஏன் இப்போது என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவின் இடது கண் போன வருடமே போய்விட்டது. வலது கண்ணும் ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. "பாக்க வேண்டியதெல்லாம் இந்த வருஷமே பாத்துடுங்க" என்று கண் டாக்டர் போன வாரம் சொன்னார். அம்மா அதற்குச் சிரித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தோம். கையில் இருப்பது ஆறு இரவுகள்.

அப்பாவின் கணக்கு: மலை நகரத்தில் நான்கு, ஏனென்றால் அம்மாவுக்குக் குளிர் பிடிக்கும். (மின்விசிறிக்குக் கீழேயே போர்த்திக்கொண்டு உட்காருகிறவள்.) அம்மாவின் கணக்கு: கோட்டை நகரத்தில் நான்கு, ஏனென்றால் அப்பாவுக்குச் சரித்திரம் பிடிக்கும். (அருங்காட்சியகத்துக்குப் போனால் வாசல் பெஞ்சிலேயே தூங்கிவிடுகிறவர்.)

இரண்டுக்கும் நடுவே இருக்கிறது அந்த ஊர். அப்பாவின் விரல் மலையிலிருந்து கோட்டைக்குப் போனபோது, சாலைப் பள்ளத்தைத் தவிர்க்கிற வண்டி மாதிரி அதை ஒதுக்கி வளைந்து போனது. அம்மாவும் அதைப் பார்த்தாள்.

மூன்று கோடைகளுக்கு முன் அந்த ஊர் ஆற்றில் குளிக்கப் போன அண்ணன் திரும்பவில்லை. எங்களுக்கு விசா கிடைப்பதற்குள் அவன் உடல் பெட்டியில் வந்து சேர்ந்துவிட்டது. அவன் படித்த இடம், தூங்கிய அறை, எதையும் நாங்கள் பார்த்ததில்லை. தெரிந்ததெல்லாம் அவன் தொலைபேசியில் சொன்னதுதான்: ஸ்டேஷனுக்கு வெளியே இடது பக்கம் ஏழாம் நம்பர் டிராம், இறங்கினால் ரொட்டிக் கடை, அதற்கு மேலே அவனுடைய ஜன்னல்.

வழக்கம்போலத் தட்டில் கடைசி ஆப்பிள் துண்டு மிஞ்சியது. இந்த வீட்டில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. அடுத்தவருக்கு இருக்கட்டும் என்று மூவரும் விட்டுவைப்போம். அது கறுத்துப்போய்க் குப்பைக்குப் போகும். இதைப் பாசம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13

அத்தை வந்திருந்தாள். அப்பாவிடம்: "ஒரே ஊர்ல நாலு நாளா? பெஞ்சு தேய்க்கத்தானே போறே, அதுக்கு நம்ம தெருமுனைப் பார்க் போதாதாடா?"

பிறகு அடுக்களையில் என்னிடம், குரலைத் தாழ்த்தி: "அந்த ஊருக்குப் போறீங்களாடி?"

தெரியாது என்றேன்.

"உங்க வீட்டுல எதுதான் யாருக்குத் தெரியும்."

மார்ச் 19, புதன்

பணிமனையில் அடுத்த மாதப் பேருந்துப் பட்டியல் போட்டேன். ஓட்டுநர்களுக்கு நேரம் பிரித்துக்கொடுப்பது என் வேலை. "புயல்" வந்து நின்றார். வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டுவதால் அந்தப் பெயர்.

"எந்த ரூட் போட்டாலும் எனக்குச் சரிதான் மேடம்."

"மார்க்கெட் ரூட் வேணாம்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

"சொன்னா அதையேதான் போடுவீங்க."

சிரித்துவிட்டு மாற்றிக்கொடுத்தேன். இங்கே ஐம்பது பேரின் மனதிலிருப்பதை வாயிலிருந்து பிடுங்கிவிடுகிறேன். வீட்டில் இரண்டே பேர்.

ஏப்ரல் 5, சனி

டிக்கெட் போட மூவருமாக டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனோம். மலைக்கும் கோட்டைக்கும் நேர் ரயில் இல்லையாம். நடுவில் மாற வேண்டும் என்று சொல்லி, அங்கிருந்த பெண் ஊரின் பெயரையும் சொன்னாள். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். அவள் வாயில் அது ஒரு சாதாரண ஊராக இருந்தது.

"அங்க ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் சார். வேணும்னா ரெண்டு நைட் தங்கிக்கோங்க. அழகான ஊர். எல்லாரும் ஆத்தைப் பாத்த ரூம்தான் கேப்பாங்க."

அம்மா கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மூடினாள். அப்பா அவள் கையைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்தேன்.

"வேணாம்மா, மாறினாப் போதும்" என்றார் அப்பா.

"ஆமா, அதான் சரி" என்றாள் அம்மா.

மலையில் மூன்று, கோட்டையில் மூன்று. சரிபாதி. அம்மாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 6

கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் உடைந்துபோவாள் என்று எனக்குத் தெரியும் — தெரியுமா?

மே 14, புதன்

மலை நகரம். இரண்டு நாளாக மூடுபனி, எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியவில்லை. அம்மா இரண்டு ஸ்வெட்டர்களுக்குள் நடுங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா, உங்கம்மாவுக்குக் குளிர்னா உயிரு."

மிச்சமிருக்கும் பார்வையை இப்படிப் பனியில் செலவழிக்கிறோம்.

மே 15, வியாழன்

ரயில் மாறினோம். அந்த ஊரில்.

பெரிய ஸ்டேஷன், கண்ணாடிக் கூரை. இங்கே நல்ல வெயில். நடைமேடைப் பெஞ்சில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். அம்மா டப்பாவைத் திறந்து ஆப்பிள் துண்டுகளைக் கொடுத்தாள். வாசல் எங்களுக்கு நேர் எதிரே இருந்தது. அதன் வழியாக ஒரு துண்டுத் தெருவும், போகிற வருகிற கால்களும் தெரிந்தன.

அப்பா, வாசலைப் பார்த்தபடியே, "வெளிய போனா இடது பக்கம்தான் ஏழாம் நம்பர்" என்றார். கடிகாரம் மணி சொல்வது போல, யாரிடமும் இல்லாமல்.

அம்மா டப்பாவை மூடினாள். "எறங்கினா ரொட்டிக் கடையாம்."

அப்பா எழுந்தார். காலில் செருப்பைச் சரிசெய்துகொண்டார். அம்மாவின் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். இது தாங்காது, இங்கேயே விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ரயில் வந்துடும்பா" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

டிராமில் போய், ஜன்னலை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வர நேரம் இருந்தது. நேரம் பிரிப்பதுதான் என் தொழில். எனக்குத் தெரியாதா?

மே 17

கோட்டை. அப்பா வாசல் பெஞ்சில் தூங்கினார்.

ஜூலை 27, ஞாயிறு

நான் உள் அறையில் படித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அப்பா பழம் நறுக்கி ஒவ்வொரு துண்டாக அம்மா கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது தட்டைத் தேடி அவள் கை தடுமாறுகிறது.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல, உனக்கு வெளிய போகணும்னு இருந்துச்சா?"

அம்மா மென்று முடித்தாள்.

"அதுக்குத்தானேங்க வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"உங்களால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்."

"நான் உன்னாலன்னு நெனச்சேன். இருந்தாலும் எந்திரிச்சேனே."

"எந்திரிச்சீங்க. நானும் எந்திரிக்கத்தான் பாத்தேன்" என்றாள் அம்மா. அப்புறம், கோபமே இல்லாமல், "ரயில் வந்துடும்னு பிள்ளை சொல்லிட்டா. பாவம், அவளுக்கு அங்க இருக்கவே முடியல போல" என்றாள்.

நான் பக்கத்தைத் திருப்பினேன். படிக்கவில்லை. உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று அப்போதாவது எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 2

மீண்டும் போகலாம் என்று நேற்று நானே விசாவுக்கு எழுதிப்போட்டேன். அந்த ஊர் மட்டும். ஆறு இரவும் அங்கேதான். வீட்டில் சொன்னபோது இருவரும் வாயைத் திறந்து, தனித்தனியாக, "சரி" என்றார்கள்.

அக்டோபர் 11, சனி

விசா வந்தது. அம்மாவின் வலது கண் செப்டம்பரிலேயே போய்விட்டது.