பத்ரோஸ் திருத்திய விண்ணப்பம்

சென்னை

அன்புள்ள கமலாட்சிக்கு,

பேசாமல் இருந்தது போதும், எழுதுகிறேன். நான் சுகம். வெள்ளறடை மழையில், அண்ணன் வீட்டில், உன் மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு கயிற்றுக் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். பழைய வேலை போன காரணம் கேட்டிருந்தார்கள். நம் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்துக்குப் போனதற்காக என்னை விலக்கிய தலைமையாசிரியரைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டேன். டைப் அடிக்கும் நம் கோட்டுகால் ஊர்க்காரன் பத்ரோஸ் சிரித்தான்.

“சாரே, இது வேலைக்கா, கேசுக்கா? அந்த ஆளை வெட்டும். மலையாளம் தெரியும்னு எழுதும். இவங்களுக்கு அதாக்கும் வேணும்.”

வெட்டினேன், மன்னிக்கவில்லை. நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை கிடைத்தால் உன்னை இங்கே அழைத்துக்கொள்ளலாம்.

நான் மலையாளப் பரீட்சை தேறிய சான்றிதழைக் கேட்கிறார்கள். போராட்ட வீம்பில் அதைக் கிழித்துப்போடச் சொன்னேன். நீ கிழித்திருக்க மாட்டாய். உன் பழைய முண்டு ஒன்றில் பொதிந்து அனுப்பு. துவைத்தது வேண்டாம்.

“அவனுக்க பேரை இந்த வீட்டில எடுக்கப்பிடாது” என்று உன் அண்ணன் சொன்னதை நான் மறக்கவில்லை. அவர் வீட்டுக்குள் என் பேர் வராது. என் எழுத்து உனக்குத் தெரியும். தபால் எடுக்கும் நேரமாகிறது, கையெழுத்திடாமலே போடுகிறேன்.